உலையில் எண்ணெய் எதற்கு?

சோறு உதிரியாக வர வேண்டுமா, உலையில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். பாஸ்தா ஒட்டக் கூடாதா, கொதிக்கிற தண்ணீரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளிலும் யூடியூப் குறிப்புகளிலும் வார இதழ் இணைப்புகளிலும் சில பாஸ்தா பாக்கெட்டுகளின் பின்பக்கத்திலும் இதே வரிதான். இந்த யோசனை தவறு. சில நாள் பலிக்கும், சில நாள் பலிக்காது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக்கூடிய சின்னத் தவறும் அல்ல. சோறு ஏன் ஒட்டுகிறது என்பதையே புரிந்துகொள்ளாததால் வந்த தவறு.

மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுவதுதான் முறை. அவர்கள் சொல்வது நான்கு. எண்ணெய் வழுக்கும் பொருள். அது அரிசி மணிகளையும் பாஸ்தாத் துண்டுகளையும் பூசிக்கொண்டு ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுக்கிறது, பாத்திரத்தின் அடியிலும் படிந்து பிடிக்கவிடாமல் செய்கிறது. இது முதல் வாதம். வருடக்கணக்காக இப்படித்தான் செய்கிறோம், சோறு பொலபொலவென்றுதான் வருகிறது. அனுபவத்தைவிடப் பெரிய சான்று உண்டா என்பது இரண்டாவது. எண்ணெய் விட்டால் கஞ்சி பொங்கி அடுப்பில் வழிவதில்லை, ஆகவே அது ஏதோ செய்கிறது என்பது மூன்றாவது. பலன் இல்லாமலே போனாலும் ஒரு ஸ்பூன் எண்ணெயால் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்பது நான்காவது.

நான்கும் கேட்க நன்றாக இருக்கின்றன. மூன்றாவதில் உண்மைகூட இருக்கிறது. ஆனால் நான்கையும் சேர்த்துக் கட்டிய முடிவு நிற்காது. காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எது எதோடு ஒட்டுகிறது?

இந்தக் கேள்வியை எண்ணெய்க் கட்சி கேட்பதே இல்லை. சமையலறையில் ‘ஒட்டிவிட்டது’ என்று நாம் சொல்வது இரண்டு வெவ்வேறு கோளாறுகளை. ஒன்று, பருக்கையோடு பருக்கை ஒட்டிச் சோறு குழைந்துபோவது, பாஸ்தா கற்றையாகச் சேர்ந்துகொள்வது. இன்னொன்று, பாத்திரத்தின் அடியில் பிடித்துக் காந்திப்போவது. முதலாவது தண்ணீர் இருக்கும்போதே தொடங்குகிறது. இரண்டாவது பெரும்பாலும் தண்ணீர் தீர்ந்த இடத்தில் தொடங்குகிறது. முதலாவதற்குக் காரணம் மாவுப்பசை. இரண்டாவதற்குக் காரணம் அடிப்பக்கத்துச் சூடு. தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரையை நீட்டுகிறவரிடம் எந்த வலி என்று கேட்டீர்களா என்று நாம் கேட்போம் அல்லவா? அதே கேள்வியை இந்த எண்ணெய் ஸ்பூனிடமும் கேட்க வேண்டும்.

2. எண்ணெய் மேலே, அரிசி கீழே

சமையல் எண்ணெயின் அடர்த்தி தண்ணீரைவிட ஏறக்குறைய 8 விழுக்காடு குறைவு. அதனால் மிதக்கிறது. தண்ணீரோடு கலக்க வேண்டுமென்றால் முட்டை மஞ்சள்கருவைப் போலவோ சோப்பைப் போலவோ நடுவில் நின்று இரண்டையும் பிணைக்கிற ஒரு பொருள் வேண்டும். உலையில் அப்படி எதுவும் போடுவதில்லை.

அடுப்பருகே நின்று பார்த்தாலே தெரியும். கொதிக்கிற தண்ணீரில் எண்ணெய் விட்டதும் அது பொட்டுப் பொட்டாகப் பிரிகிறது. நடுவிலிருந்து எழும் கொதி அந்தப் பொட்டுகளைப் பாத்திரத்தின் விளிம்புக்குத் தள்ளுகிறது. அரிசியைப் போட்டால் அது நேராக அடிக்குப் போய் உட்காருகிறது. பாஸ்தாவும் அப்படியே. ஒட்டுகிற வேலை அடியில் நடக்கிறது. காவல்காரர் மாடியில் மிதந்துகொண்டிருக்கிறார். கொதி புரட்டிப் போடும்போது ஒன்றிரண்டு துளிகள் கீழே போய் வருவது உண்மை. அவ்வளவுதான்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி. 3 லிட்டர் உலையில் அது 600-இல் ஒரு பங்கு. கால் கிலோ அரிசியில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மணிகள் இருக்கும். மேலே மிதக்கும் 5 மில்லி, அடியில் கிடக்கும் பத்தாயிரம் மணிகளையும் தேடிப்போய்ப் பூசிவிட்டு வரும் என்று நம்புவதற்குச் சமையல் அறிவு போதாது, பக்தி வேண்டும்.

3. பசை உள்ளேயிருந்து வருகிறது

ஒட்டுவது எதனால்? மாவுச்சத்தால். அரிசியிலும் கோதுமையிலும் உள்ள மாவுச்சத்து நுண்ணிய துகள்களாக இருக்கிறது. சூடான நீரில் அந்தத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிக் குழைகின்றன. அரிசியின் வகையைப் பொறுத்து 55-லிருந்து 80 டிகிரி செல்சியஸுக்குள் இது நடக்கிறது. உப்பிய துகள்களிலிருந்து மாவுச்சத்து வெளியே கசிகிறது. கஞ்சியைக் கெட்டியாக்குவதும் அதுதான், பருக்கைக்கும் பருக்கைக்கும் நடுவே பசையாக நிற்பதும் அதுதான். போஸ்டர் ஒட்டுகிறவர் வாளியில் இருப்பதும் இதற்கு உறவுக்காரப் பொருள்தான்.

மாவுச்சத்தில் இரண்டு கூறுகள் உண்டு: அமைலோஸ், அமைலோபெக்டின். அமைலோஸ் கூடுதலாக இருந்தால் சோறு உதிரும். குறைந்தால் ஒட்டும். அமைலோஸ் 25 விழுக்காட்டைத் தாண்டிய அரிசி வெந்தபின் தனித்தனியாக நிற்கும். ஜப்பானியர் சாப்பிடும் குட்டை அரிசியில் அது 20-க்கும் கீழே. அதனால்தான் இரண்டு குச்சிகளால் சோற்றைக் கவளமாக எடுக்க முடிகிறது. அமைலோஸ் ஏறக்குறைய இல்லாத பசையரிசியை லாவோஸிலும் வடகிழக்குத் தாய்லாந்திலும் கையால் உருட்டியே சாப்பிடுகிறார்கள். அந்த அரிசி வேகும் நீரில் ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றினாலும் அது பாஸ்மதி ஆகிவிடாது.

புழுங்கல் அரிசி ஏன் பச்சரிசி அளவுக்குக் குழைவதில்லை? நெல்லாக இருக்கும்போதே அவித்துக் காயவைத்துவிடுகிறார்கள். மாவுச்சத்து உமிக்குள்ளேயே ஒருமுறை குழைந்து, பிறகு இறுகிவிடுகிறது. உலையில் போடும்போது அதிலிருந்து கசிவது குறைவு. பழைய அரிசி ஏன் உதிர்கிறது, புது அரிசி ஏன் குழைகிறது? இருப்பு வைக்க வைக்க மணி இறுகுகிறது, அதிகத் தண்ணீர் குடிக்கிறது, கசியவிடுவது குறைகிறது. ‘புது அரிசி, தண்ணி கொஞ்சம் கம்மியா வை’ என்று சொல்லும் பாட்டி இந்த வேதியியலைப் படிக்கவில்லை. ஆனால் அவர் அரிசியையும் தண்ணீரையும் பார்த்தார், எண்ணெய்ச் செம்பைப் பார்க்கவில்லை. இதுதான் வித்தியாசம்.

பாஸ்தாவின் கதையும் இதுதான். காய்ந்த பாஸ்தா துரும் கோதுமை ரவையும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து அச்சில் பிழிந்து உலர்த்தியது. கொதிநீரில் விழுந்த முதல் இரண்டு நிமிடங்களில் அதன் மேற்பரப்பு மாவு பசையாகிறது. அந்த நேரத்தில் இரண்டு துண்டுகள் தொட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தால் அப்படியே இணைந்து வெந்துவிடும். அந்த இரண்டு நிமிடம் கரண்டியால் கிளறினால் பசை நீரில் கரைந்து போகும், துண்டுகள் பிரிந்து நிற்கும். அதன் பிறகு அவ்வப்போது கிளறினாலே போதும். அந்த இரண்டு நிமிடத்தில் கையில் கரண்டி இருந்ததா, எண்ணெய்ப் புட்டி இருந்ததா என்பதுதான் கேள்வி.

4. அடிப்பிடிப்பதைத் தீர்மானிப்பது தண்ணீரும் தீயும்

அடியில் தாராளமாகத் தண்ணீர் இருந்து அது அசைந்துகொண்டும் இருக்கும்வரை, சோறு தொடும் இடத்தில் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. அந்தச் சூட்டில் எதுவும் கருகாது. தண்ணீர் வற்றிய இடத்தில், அல்லது கெட்டியான கஞ்சி அடியில் நகராமல் தேங்கிய இடத்தில், உலோகத்தின் சூடு மளமளவென்று ஏறுகிறது. 140 டிகிரியைத் தாண்டியதும் சிவக்கிறது, பிறகு காந்துகிறது.

இதற்குச் சான்று வேண்டுமா? 1955-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த தானியங்கி மின்சார ரைஸ் குக்கரைப் பாருங்கள். அதன் மூளை முழுவதும் ஒரே ஒரு கருத்துதான்: தண்ணீர் இருக்கும்வரை சூடு 100-இல் நிற்கும், தண்ணீர் தீர்ந்ததும் ஏறும். உள்பாத்திரத்தில் அரிசி, வெளிப்பாத்திரத்தில் அளந்த தண்ணீர். வெளித்தண்ணீர் ஆவியாகித் தீர்ந்ததும் சூடு ஏறும். ஏறியதும் இரட்டை உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். இன்றைய குக்கர்களின் அமைப்பு வேறு, அடிப்படை அதேதான். சோறு அடிப்பிடிக்கும் நொடிக்குக் கொஞ்சம் முன்னால் அடுப்பை அணைக்கிற இயந்திரம் அது. அதைச் செய்தவர்கள் எண்ணெயைப் பற்றி யோசிக்கவே தேவை இருக்கவில்லை.

நம் வீட்டு பிரஷர் குக்கரும் இதையே சொல்கிறது. குக்கருக்குள் தண்ணீர் விட்டு, அதன் மேல் பாத்திரம் வைத்து அரிசி வேகவைத்தால் என்றைக்காவது அடிப்பிடித்திருக்கிறதா? இல்லை. பாத்திரத்துக்கும் தீக்கும் நடுவே தண்ணீர் இருக்கிறது. அதன் சூடு 120 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதே குக்கரில் அரிசியை நேரடியாகப் போட்டு, பெரிய தீயில் வைத்து, ஒரு விசில் கூடுதலாக விட்டால் அடி காந்துகிறது. அரிசி அதே, எண்ணெய் அதே. மாறியது தீக்கும் அரிசிக்கும் நடுவே இருந்த தண்ணீர்.

பாத்திரமும் பேசட்டும். எவர்சில்வரைவிட அலுமினியம் சுமார் 15 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. செம்பு அதைவிட வேகம். மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் பர்னரின் சுடர் தொடும் வட்டம் மட்டும் கொதிக்கிறது, பக்கத்தில் இருக்கும் இடம் சூடேறத் தாமதிக்கிறது. பாத்திரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்: காந்தல் பெரும்பாலும் சுடர் பட்ட அதே வட்டத்தில்தான் இருக்கும். எண்ணெய் ஒட்டுவதைத் தடுப்பது உண்மையானால் அந்த வட்டத்தில் மட்டும் ஏன் தோற்கிறது? பொங்கல் கிண்டக் கனத்த வெண்கலப் பானையையும் அடிகனமான உருளியையும் நம் முன்னோர் தேடியது அழகுக்காக அல்ல. சூடு பரவி நிற்பதற்காக.

5. ‘அனுபவம் சொல்கிறதே?’

அனுபவம் சொல்வது இதுதான்: எண்ணெய் விட்டேன், சோறு ஒட்டவில்லை. எண்ணெய் விட்டதால் ஒட்டவில்லை என்று அது சொல்லவில்லை. அதை நாம் சேர்த்துக்கொள்கிறோம். எண்ணெய் விடுகிற கவனமுள்ள ஆள் அரிசியையும் கழுவுகிறார், தண்ணீரையும் அளக்கிறார், தீயையும் குறைக்கிறார், ஓரிரு முறை கிளறியும் விடுகிறார். ஐந்து பேர் சேர்ந்து தேர் இழுக்கும்போது, நடுவில் ஓடிவந்து வடத்தைத் தொட்ட ஆறாவது ஆள்தான் தேரை நகர்த்தினார் என்று எழுதிவைப்பது என்ன நியாயம்?

எதிர்ச்சான்று நம் கண்முன்னே கிடக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வீடுகளில் சோறு வடித்துத்தான் சமைத்தார்கள். உலை நிறையத் தண்ணீர், கழுவிய அரிசி, கொதி, ஒரு பருக்கையை எடுத்து விரலிடையே நசுக்கிப் பதம் பார்ப்பது, சிப்பலை வைத்து மூடி கஞ்சி வடிப்பது. அதில் எண்ணெய்க்கு இடமே இல்லை. இருந்தும் சோறு உதிரியாக வந்தது. ஏன்? கசிந்த மாவுப்பசையில் பெரும்பகுதி கஞ்சியோடு வெளியேறியது. தண்ணீர் கடைசிவரை நிறைய இருந்ததால் அடியும் பிடிக்கவில்லை. ஒரே முறையில் இரண்டு கோளாறுகளுக்கும் மருந்து. அந்த முறையை விட்டு அளவுத் தண்ணீர்ச் சமையலுக்கு மாறினோம். தண்ணீர்க் கணக்கும் தீக் கணக்கும் தவறத் தொடங்கின. தவறிய கணக்கைச் சரிசெய்யாமல் எண்ணெய்ப் புட்டியைத் தேடினோம்.

வடித்தால் சத்து போகிறதே என்பார்கள். போகிறது, நீரில் கரையும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி கஞ்சியோடு போகும். கஞ்சியைக் குடித்தால் திரும்பக் கிடைக்கும். சத்துக்காக வடிக்காமல் சமைக்கிறேன் என்று ஒருவர் முடிவெடுத்தால் அது மதிக்கத்தக்க முடிவு. ஆனால் அந்த முடிவோடு வரும் கடமை தண்ணீரைச் சரியாக அளப்பது, எண்ணெய் ஊற்றுவது அல்ல.

6. ‘பிரியாணி மாஸ்டர் ஊற்றுகிறாரே?’

எதிர்த்தரப்பின் பலமான சாட்சி இவர்தான். அண்டா உலையில் பட்டை, கிராம்பு, உப்போடு எண்ணெயும் ஊற்றுகிறவர்கள் பலர் உண்டு. அவர் சோறு உதிரியாக வருவதும் உண்மை. ஆனால் அவர் செய்வதில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? அவர் வாங்குவது ஒரு வருடமாவது பழகிய பாஸ்மதி அல்லது சீரகச் சம்பா. அரிசியை ஊறவைக்கிறார். அண்டா நிறையத் தண்ணீர் கொதிக்கவிடுகிறார். முக்கால் பதத்தில் வடித்துவிடுகிறார். மீதி வேக்காட்டை தம்மில், இளம் தீயில் முடிக்கிறார். கரண்டியைப் போட்டுக் குழப்பாமல் ஓரத்திலிருந்து அள்ளுகிறார். இத்தனையும் செய்துவிட்டு எண்ணெயை மட்டும் நிறுத்தட்டும், சோறு உதிரும். எண்ணெயை மட்டும் ஊற்றிவிட்டு இத்தனையையும் விடட்டும், பந்தியில் களிதான் விழும்.

7. பொங்கி வழியாதது வேறு வழக்கு

எண்ணெய் விட்டால் கஞ்சி பொங்கி வழிவது குறைகிறது. இது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். மாவும் புரதமும் சேர்ந்து நுரைக்குமிழிகளுக்குத் தோல் போல நிற்கின்றன. மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய் அந்தத் தோலில் பரவி அதை உடைக்கிறது. பருப்பு வேகும்போது ஒரு சொட்டு எண்ணெய் விடுவதும் இதற்குத்தான். ஆனால் கவனியுங்கள்: எண்ணெய் மேலே மிதப்பதால்தான் நுரை அடங்குகிறது. எது அதை நுரைக்கு மருந்தாக்குகிறதோ அதுவே அதை ஒட்டுவதற்கு உதவாததாக்குகிறது. மேலே வேலை செய்கிற ஆளைக் காட்டி, கீழேயும் இவர்தான் வேலை செய்தார் என்று சம்பளம் கேட்கக் கூடாது. நுரை அடங்க வேறு எளிய வழியும் உண்டு: தீயைக் குறைப்பது, மூடியைச் சற்று விலக்கி வைப்பது.

8. ‘கெடுதல் ஒன்றும் இல்லையே?’

இருக்கிறது. முதலில் பாஸ்தா. வடிக்கும்போது மேலே மிதந்த எண்ணெயில் கொஞ்சம் துண்டுகளின் மேல் படிகிறது. பிறகு ஊற்றும் தக்காளிச் சாறு பிடிப்பதில்லை, வழுக்கிக் கிண்ணத்தின் அடியில் தேங்குகிறது. இத்தாலியில் வெண்கல அச்சில் பிழிந்த பாஸ்தாவைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும், சாறு பிடிக்கும் என்பதற்காக. அந்தச் சொரசொரப்பின் மேல் எண்ணெய் பூசுவது காசு கொடுத்து வாங்கிய குணத்தை நாமே அழிப்பது. பாஸ்தா வெந்த நீரில் கரைந்திருக்கும் மாவு சாற்றைக் கெட்டியாக்கப் பயன்படும். ஒரு கரண்டி எடுத்துவைப்பது அங்கே சாதாரணப் பழக்கம்.

இரண்டாவது, செலவு. தினமும் ஒரு டீஸ்பூன் என்றால் வருடத்துக்கு 1.8 லிட்டர். வடிக்கிற வீட்டில் அதில் பெரும்பகுதி நேராகச் சாக்கடைக்குப் போகிறது. தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிற நாட்டில் இது வேடிக்கையான தாராளம்.

மூன்றாவதுதான் பெரிய கெடுதல். போலி மருந்து கையில் இருந்தால் நோயைத் தேட மாட்டோம். சோறு குழைந்தால் ‘எண்ணெய் விட மறந்துட்டியா?’ என்று கேட்கிற வீட்டில், அரிசி புதிதா, தண்ணீர் கூடியதா, தீ பெரிதாக இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. தவறு தொடர்கிறது. பழி சமைத்தவர் மேல் விழுகிறது. பெரும்பாலும் அது ஒரு பெண். அரிசி மாறியதற்கும் பாத்திரம் மெல்லியதாக இருப்பதற்கும் அவருடைய கைப்பக்குவம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

9. எண்ணெய்க்குப் பதில் நான்ஸ்டிக், அதே தவறு விலை கூட்டி

எண்ணெய் வேண்டாம், நான்ஸ்டிக் வாங்குங்கள் என்பது இதே கட்சியின் அடுத்த தலைமுறை. ராய் பிளங்கெட் 1938-இல் தற்செயலாகக் கண்டுபிடித்த டெஃப்லான், 1950-களில் பிரான்சில் மார்க் கிரெகுவாரின் முயற்சியால் வாணலிக்கு வந்தது. அது அடியோடு ஒட்டுவதைத் தடுக்கும், மறுக்கவில்லை. தோசைக்கும் முட்டைக்கும் நல்ல பொருள். ஆனால் பருக்கையோடு பருக்கை ஒட்டுவதை அது எப்படித் தடுக்கும்? பூச்சு இருப்பது பாத்திரத்தில், அரிசியில் அல்ல. 260 டிகிரிக்கு மேல் சூடேற்றக் கூடாது என்ற வரம்பும் அதற்கு உண்டு. பெரிய தீயில் வெறும் பாத்திரம் சில நிமிடங்களில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். எவர்சில்வர் கரண்டி பட்டால் பூச்சு கீறும். தண்ணீரும் தீயும் சரியாக இருந்தால் தேவைப்படாத ஒரு பொருளை, அவை சரியில்லாததை மறைக்க வாங்குவது தீர்வல்ல.

10. உப்பும் வெள்ளம்போல் தண்ணீரும்

உப்புப் போட்டால் கொதிநிலை ஏறும், அதனால் ஒட்டாது என்பார்கள். லிட்டருக்கு 10 கிராம் உப்பு கொதிநிலையைக் கால் டிகிரிகூட ஏற்றாது. உப்பு ருசிக்கு. பாஸ்தாவுக்கு வெள்ளம்போல் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும் என்பதும் முழு உண்மை அல்ல. 100 கிராமுக்கு 1 லிட்டர் என்பது இத்தாலிய வழக்கம். அமெரிக்கச் சமையல் அறிவியல் எழுத்தாளர் ஹெரால்ட் மெக்கீ 2009-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில், மிகக் குறைந்த தண்ணீரில், அதுவும் பச்சைத் தண்ணீரிலேயே பாஸ்தாவைப் போட்டு வேகவைத்துக் காட்டினார். கிளறிக்கொண்டே இருந்ததால் அது ஒட்டவில்லை. அதாவது நிறையத் தண்ணீர் கிளறாத சோம்பலை மன்னிக்கிறது. கிளறல் குறைந்த தண்ணீரை மன்னிக்கிறது. எண்ணெய் இரண்டையும் மன்னிப்பதில்லை.

அப்படியானால் எண்ணெய்க்கு வேலையே இல்லையா? உண்டு. எண்ணெய்க்கும் உணவுக்கும் நடுவே தண்ணீர் இல்லாத இடத்தில் உண்டு. சேமியாவை நெய்யில் சிவக்க வறுத்துவிட்டு வெந்நீர் ஊற்றுகிறோமே, அங்கே நெய் நேரடியாகப் படிகிறது. வறுபட்ட மாவும் பசையாவது குறைகிறது. எலுமிச்சை சாதத்துக்கு வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி நல்லெண்ணெய் விட்டு ஆறவைக்கிறோமே, அங்கே ஒவ்வொரு பருக்கைக்கும் எண்ணெய் போய்ச் சேருகிறது. தள்ளுவண்டி ஃபாஸ்ட்ஃபுட் கடைக்காரரைப் பாருங்கள். நூடுல்ஸை வேகவைத்து வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, அதற்குப் பிறகு கையில் எண்ணெய் எடுத்துப் பிசிறி வைக்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிசிறியது இரவு பத்து மணிக்கும் இழை இழையாகப் பிரிகிறது. ஈரானில் தஹ்திக் என்று அடிச்சோற்றை முறுகவைத்துக் கொண்டாடுகிறார்கள். அவர்களும் அரிசியை முக்கால் பதத்தில் வடித்துவிட்டு, காலியான பானையின் அடியில் எண்ணெயோ நெய்யோ விட்டு, அதன்மேல் சோற்றைக் குவித்து முறுகவிடுகிறார்கள். பொன்னிறத் தட்டாக அது கழன்று வருகிறது. தண்ணீர் போனபின் எண்ணெய். எல்லா இடத்திலும் வரிசை இதுதான்.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவே. உதிரிச் சோறு வேண்டுமானால் பழைய அரிசியோ புழுங்கலோ எடுங்கள்; மேல்மாவு போகக் கழுவுங்கள்; முடிந்தால் நிறையத் தண்ணீரில் வேகவைத்துப் பதத்தில் வடியுங்கள். வடிக்காத சமையல் என்றால் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். கொதி வந்ததும் தீயைச் சிம்முக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் உள்ளே இழுத்ததும் அணைத்துவிட்டு பத்து நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அடியில் ஒட்டியிருப்பதும் ஈரம் வாங்கித் தானாக இளகும். சோறு வேகும்போது ஓயாமல் கிளறாதீர்கள். மணி உடைந்தால் பசை கூடும். பாஸ்தாவுக்கு இது நேர்மாறு: போட்டதும் இரண்டு நிமிடம் கிளறுங்கள், வடித்ததும் காத்திருக்காமல் சாற்றில் சேருங்கள். அடிகனமான பாத்திரம் ஒன்று வாங்கினால் பல வருடம் உழைக்கும்.

எண்ணெய் விட்டால் ஒட்டாது என்பது சமையல் அறிவு அல்ல, சமையலறை வதந்தி. அடுத்த முறை யாராவது உலைக்கு மேல் எண்ணெய்ப் புட்டியைச் சாய்த்தால் தடுத்து, அந்த எண்ணெயைத் தாளிப்புக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தீயையும் தண்ணீரையும் பார்க்கச் சொல்லுங்கள்.